பன்னிக்கு ஏன் ஊசி இல்லை?

ஆன்டிபயாட்டிக் போடாத கறிதான் வேணும்னு பட்டணத்துல இப்ப எல்லாரும் கேக்குறாங்க. போன மாசம் மதுரையில ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தர் எனக்கு அரை மணி நேரம் வகுப்பே எடுத்தார். விவசாயிகள் கண்ட மருந்தையும் கால்நடைக்கு ஏத்துறீங்க, கிருமியெல்லாம் மருந்துக்கு அடங்காமப் போகுது, நாளைக்கு எங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னு வந்தா எந்த மருந்து கேக்கும்னு. அவர் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல அங்க நேரம் இல்ல, பந்திக்குக் கூப்பிட்டுட்டாங்க. அதான் இங்க எழுதுறேன்.

நான் ஆறு தாய்ப்பன்னி வச்சிருக்கேன். வெண்பன்றி. சிவகாசிக்குக் கிழக்கே கரிசல் காட்டுல மூணு ஏக்கர் மானாவாரி, மழை பேஞ்சா மக்காச்சோளம், இல்லாட்டி வெறும் காடு. எங்க பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்'னுதான் சொல்லுவோம். வீட்டுக்கு ஒரு ஆளாவது ஆபீசுக்குப் போகும். என் வீட்டுக்காரி இருபது வருஷம் போனா. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னு தீர்ப்புச் சொன்ன பிறகு ஆபீசுங்க மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. அந்த மாசங்கள்ல எங்க வீட்டுல உலை கொதிச்சது பன்னிக் கொட்டில் காசுல. சிவகாசி ஓட்டல், மெஸ்ல மிஞ்சுற சோறு, குழம்பு, காய்கறிக் கழிவை ட்ரம்ல பிடிச்சு குட்டியானை வண்டியில கொண்டாந்து, நல்லாக் கொதிக்க வச்சு, தவிடு கலந்து ஊத்துறோம். ஒரு ஈத்துக்கு எட்டு, பத்து குட்டி. ஆட்டுல இந்தக் கணக்கு வராது, மாட்டுல நினைச்சே பாக்க முடியாது. வெடி விபத்துக்குப் பயந்து ஆபீஸை விட்டு நிக்கணும்னு நினைக்கிற குடும்பத்துக்கு இந்தக் காட்டுல கையில இருக்கிற தொழில் ரெண்டு மூணுதான். அதுல பன்னி ஒண்ணு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை அடைமழையில, பால் மறந்து ஒரு வாரம் ஆன குட்டிங்க இருபத்து மூணுல பதினொண்ணு அஞ்சு நாள்ல செத்துப் போச்சு. முதல்ல இரையெடுக்கல. அப்புறம் இருமல், காய்ச்சல். முழங்கால் மூட்டு வீங்கி, நிக்க முடியாம நாய் மாதிரி உக்காந்துச்சு. கடைசியில படுத்த வாக்குல நாலு காலையும் நீந்துற மாதிரி அடிச்சுக்கிட்டு முடிஞ்சு போச்சு. செத்த குட்டி ஒண்ணைப் பையில போட்டு பரிசோதனைக்குத் தூக்கிட்டுப் போனேன். எந்த ஆபீசுன்னு சொல்லல. "பன்னியா? மாடு, ஆடு, கோழின்னா பாக்கலாம்"னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுசன், மழையோட மழையா கொட்டிலுக்கே வந்தார். "அண்ணாச்சி, இதுக்கு முன்கூட்டிப் போடுற தடுப்பூசி நம்மகிட்ட எதுவும் இல்ல. இருக்குறது இந்த மருந்துதான்"னு ஆன்டிபயாட்டிக் எழுதினார். மீதிப் பன்னெண்டும் அதுலதான் பிழைச்சுச்சு.

ஆமா, போட்டேன். இந்தக் கார்த்திகைக்கும் குட்டி இருமினா போடுவேன். ஊசி போட்ட எத்தனை நாள் கழிச்சு விக்கணும்னு டாக்டர் சொன்ன கணக்கை காலண்டர்ல குறிச்சு வச்சுத்தான் விக்கிறேன். கல்யாண வீட்டுக்காரர் என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி "ஏன் மருந்து போடுற?" இல்ல. "மருந்து போடத் தேவையில்லாமப் பண்ற ஊசி உனக்கு ஏன் கிடைக்கல?"ங்கறதுதான்.

அந்தக் கேள்வியை நான் என் அக்கா மகன்கிட்ட கேட்டேன். நாமக்கல்ல கால்நடை மருத்துவம் படிச்சவன். "மாமா, நீங்க சொல்ற அடையாளம் கிளாசர் நோய் மாதிரி இருக்கு, ஆனா லேப்ல பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸாவும் இருக்கலாம்"னான். அவன் விளக்கினதை எனக்கு விளங்கின மாதிரி சொல்றேன்.

இந்தக் கிருமிங்க வெளியில இருந்து வந்து தாக்குறது இல்ல. நல்லா இருக்குற தாய்ப்பன்னி மூக்குலயும் தொண்டையிலயுமே குடியிருக்கு. குட்டி பொறந்து மூஞ்சியோட மூஞ்சி உரசும்போதே ஏறிக்குது. சீம்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி இருக்குற வரைக்கும் குட்டிக்கு ஒண்ணும் ஆகாது. பால் மறக்குற நேரம் அந்தச் சக்தி வத்திப் போகும். அப்பப் பாத்து மழை, குளிர், கொட்டில் மாத்துறது, வேற ஈத்துக் குட்டியோட கலக்குறது எல்லாம் சேரும்போது கிருமி மூக்குல இருந்து நெஞ்சுக்கும் மூட்டுக்கும் மூளைக்கும் இறங்கிடுது. அதனால "கொட்டிலைச் சுத்தமா வை, நோய் வராது"ன்னு சொல்றது முழு மருந்து ஆகாது. சுத்தமா வச்சா சாவு குறையும், அது உண்மை, நானும் சிமெண்டுத் தளம் போட்டு தினம் ரெண்டு தடவை கழுவுறேன். ஆனா தாயோட மூக்கைக் கழுவ முடியுமா?

சரி, ஊசி போடலாமேன்னா அங்கதான் சிக்கல். கிளாசர் நோய்க் கிருமிக்கு கிளேசெரெல்லா பாராசூயிஸ்னு பேரு. அதுல 15 வகை எண்ணி வச்சிருக்காங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்ல 30 வகைக்குப் பக்கம். ஒவ்வொரு வகையும் மேல ஒரு வேற சட்டை போட்டிருக்கு, சர்க்கரைப் பொருள்ல நெஞ்ச சட்டை. கிருமியைக் கொன்னு செய்யுற பழைய மாதிரி ஊசி, பன்னி உடம்புக்குப் பெரும்பாலும் அந்தச் சட்டையைத்தான் அடையாளம் காட்டும். நீலச் சட்டைக்காரனைப் பிடின்னு போலீசுக்குச் சொல்லி வச்சா, செவப்புச் சட்டைக்காரன் பக்கத்துலயே டீ குடிச்சுட்டுப் போவான். வெளிநாட்டுல இந்த நோய்க்கு ஊசி விக்கிறாங்க. ஆனா அது அந்த ஊர்ல சுத்துற ரெண்டு மூணு வகையை வச்சுச் செஞ்சது. எங்க கொட்டில்ல எந்தச் சட்டைன்னு பாக்கணும்னா வாசல்லயே விடமாட்டேங்குறாங்களே.

அங்கெல்லாம் பெரிய பண்ணைக்காரன் இன்னொரு வழியும் வச்சிருக்கான். அவன் பண்ணையில செத்த குட்டியில இருந்து கிருமியை எடுத்து, அந்தப் பண்ணைக்கு மட்டும்னு தனி ஊசி செஞ்சு வாங்கிக்கிறான். ஆயிரம் தாய்ப்பன்னி வச்சவனுக்கு அது கட்டும். ஆறு தாய்ப்பன்னிக்கு எந்தக் கம்பெனிக்காரன் செய்வான்? அதனாலதான் சொல்றேன், எந்தச் சட்டை போட்டிருந்தாலும் பிடிக்கிற பொது ஊசி பெரிய பண்ணைக்காரனுக்கு ஒரு வசதி. எங்களை மாதிரி ஆளுக்கு அது இல்லாட்டி வேற ஊசியே கிடையாது.

அப்படி ஒண்ணு செய்ய முடியுமான்னா, முடியும்னு நம்புறதுக்கு ஆதாரம் இருக்கு. கனடாவுல கால்கரி, டொரன்டோ பல்கலைக்கழக ஆட்கள் பல வருஷமா ஒரு வழியில போறாங்க. கிருமி உயிர் வாழ இரும்புச் சத்து வேணும். பன்னி ரத்தத்துல இரும்பைச் சுமந்துட்டுப் போற ஒரு புரதம் இருக்கு, அதைக் கவ்விப் பிடுங்கத்தான் கிருமி மேல ஒரு வாய் மாதிரி புரதம் வச்சிருக்கு. சட்டை எத்தனை நிறம் இருந்தாலும் இந்த வாய் இல்லாம அதால பிழைக்க முடியாது. அதனால வாயை அடையாளம் காட்டிட்டா வகை மாறினாலும் பிடிபடும்னு கணக்கு. அப்புறம் இன்னொரு நுணுக்கம். வாயை அப்படியே ஊசியில போட்டா அது பன்னியோட இரும்புப் புரதத்தைக் கவ்விக்கிட்டு முகத்தை மூடிக்குது, உடம்புக்குச் சரியாத் தெரியல. அதனால கவ்வ முடியாத மாதிரி அந்தப் புரதத்துல ஒரே ஒரு இடத்தை மாத்தினாங்க. அந்த மாத்தின வாயை ஊசியாப் போட்ட பன்னிங்க இன்னும் நல்லாத் தாக்குப்பிடிச்சதா சோதனையில பாத்திருக்காங்க. மருமகன் இதைச் சொன்னப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. எல்லாக் கிருமிக்கும் இந்த வழி ஒத்து வராது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ல இந்த வாய் கிடையாது, அதுக்கு வேற பொது அடையாளம் தேடணும்னும் அவன் சொன்னான். தேடட்டும். தேடறதுக்குத்தானே படிச்சவங்க இருக்காங்க.

இது பட்டணத்துக்காரங்களுக்குப் புதுசும் இல்ல. உங்க கைக்குழந்தைக்கு ஆறு வாரத்துல நிமோனியா ஊசி போடுறாங்களே, அதே கதைதான். அந்தக் கிருமிக்கு 90 வகைக்கு மேல இருக்கு. 10 வகைக்கு ஒரு ஊசி, 13 வகைக்கு ஒரு ஊசின்னு சட்டை சட்டையாச் சேத்துக்கிட்டுப் போறாங்க. அரசுத் திட்டத்துல 2017-ல சில மாநிலத்துல ஆரம்பிச்சு 2021-ல நாடு முழுக்கக் கொண்டாந்தாங்க. பிள்ளைக்குன்னா காசு வருது, சரிதான், வரணும். பன்னிக்குட்டிக்கு முப்பது சட்டையையும் சேத்து ஊசி செய்ய யாரும் காசு போடப் போறது இல்ல. அதனால ஒரே ஊசியில பல வகையை அடைக்கிற வழி தேடுறது பன்னிக்குத்தான் அதிக அவசரம்.

நம்ம நாட்டுக்கு இது முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். ராணிப்பேட்டையில கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல இருந்து இருக்கு. மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்குக் கழிச்சல்னு ஊசி அங்க இருந்துதான் ஊர் ஊரா வருது. தொண்டை அடைப்பானுக்குக் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடான்னு ஒரு கிருமி. அதே கிருமி பன்னியையும் கொல்லும். மாட்டு ஊசி அதுல 'பி' வகைக்குச் செஞ்சது. பன்னியில 'ஏ' வகையும் 'டி' வகையும் சேந்து வருது. மாட்டு ஊசியைப் பன்னிக்குப் போட்டா பாதிக் கதவைப் பூட்டின மாதிரி.

வைரஸ்ல செஞ்சு காட்டிட்டாங்க. பன்றிக் காய்ச்சல்னு ஒரு நோய். (2009-ல மனுசனுக்கு வந்த காய்ச்சலுக்கும் அதே பேரை வச்சு எங்க பொழப்பைக் கெடுத்தாங்க, அது வேற, இது வேற.) இதுக்கு ரொம்ப காலமா முயலைக் கொன்னு, அதோட மண்ணீரல்ல இருந்து ஊசி எடுத்தாங்க. ஒரு முயலுக்கு 50 ஊசி. நாட்டுக்கு வருஷம் ரெண்டு கோடிக்கு மேல வேணும், கிடைச்சது சுமார் 12 லட்சம். இசத்நகர்ல இருக்குற இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நம்ம நாட்டுலயே எடுத்த கிருமியை முயல் இல்லாம செல்லுல வளத்து, 2020 பிப்ரவரியில புது ஊசி கொண்டாந்துச்சு. ஒரு ஊசி ரெண்டு ரூபாய்க்கும் குறைவுன்னு அறிவிச்சாங்க. ஆக மூளை இருக்கு, ஆள் இருக்கு, கூடம் இருக்கு. பாக்டீரியா நோய்க்கு மட்டும் ஏன் இந்த வேகம் வரல?

கோமாரித் திட்டத்தைப் பாருங்க. 2019 செப்டம்பர்ல மதுராவுல பிரதமர் தொடங்கி வச்சது, 13,343 கோடி. அதுல மாடு, எருமை, ஆட்டோட பன்னியும் சேத்தி. நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். கோமாரி வந்த பன்னி மூச்சுல கிருமியை அள்ளி வீசும், அது மாட்டுக்குப் போகும். பன்னிக்கு ஊசி போடுறது மாட்டைக் காப்பாத்த. பன்னி மட்டும் சாகுற நோய்க்கு எத்தனை கோடின்னு யாராவது சொல்லுங்க.

எங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. பட்டாசுல பேரியம் கூடாதுன்னு தீர்ப்பு வந்ததும் என்ன ஆச்சு? நாக்பூர்ல இருக்குற நீரி நிறுவனத்து விஞ்ஞானிங்க இறங்கி, ஒரு வருஷத்துக்குள்ள பசுமைப் பட்டாசுக்குக் கலவை சொல்லிட்டாங்க. மூலப்பொருளைச் சோதிக்கிற வசதி சிவகாசிக்கே வந்துச்சு. டெல்லிக்காரனுக்கு மூச்சு முட்டுது, சிவகாசியில லட்சக்கணக்கான பேருக்கு வேலை போகுது, ரெண்டு பக்கமும் சத்தம் போட ஆள் இருந்துச்சு. பசுமைப் பட்டாசால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லல, அதைப் பத்தி எனக்கு வேற கோவம் இருக்கு, இன்னொரு நாள் எழுதுறேன். சத்தம் போட்டா அரசாங்கத்துக்கு விஞ்ஞானி கிடைப்பான்னு மட்டும் அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். பன்னிக்காரனுக்கு யார் சத்தம் போடுவா? 2012 கணக்குல நாட்டுல ஒரு கோடிக்கு மேல இருந்த பன்னி 2019-ல 90 லட்சத்துச் சொச்சமா இறங்கிடுச்சு. அதுல பாதிக்குப் பக்கம் வடகிழக்கு மாநிலத்துல. இங்க பன்னி வளக்குறவன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க, வங்கியில கடன் மனுவைத் தொட்டுப் பாக்கவே கூசுறாங்க. அதுல சாதியும் இருக்கு, எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க.

பன்னி உங்க தட்டுல இல்லாட்டியும் உங்களுக்கு இதுல பங்கு இருக்கு. 2015 நவம்பர்ல சீனாவுல இருந்து ஒரு செய்தி வந்துச்சு. கொலிஸ்டின்னு ஒரு மருந்து, வேற எதுவும் கேக்காத நோயாளிக்குத் தீவிர சிகிச்சையில கடைசியாக் கொடுக்கறது. பன்னிக்கு அதைத் தீவனத்துல கொடுத்துக் கொடுத்து, அதுக்கு அடங்காத குணம் ஒரு கிருமியில இருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறுதுன்னு பன்னியிலயும் கறியிலயும் மனுசன்கிட்டயும் கண்டுபிடிச்சாங்க. 2019 ஜூலையில நம்ம அரசும் உணவுக்கு வளக்குற கால்நடைக்குக் கொலிஸ்டின் கூடாதுன்னு தடை போட்டுச்சு. நல்ல தடை. ஆனா தடை போட்ட கையோட அதுக்குப் பதிலா என்னன்னு எங்க கையில ஒண்ணும் வைக்கல. ஒரு மருந்தைப் பிடுங்கினா கடைக்காரன் அடுத்த மருந்தை எடுத்துத் தருவான், அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொண்ணு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மனுசனையும் தாக்கும். 2005-ல சீனாவுல சிச்சுவான்ல 200 பேருக்கு மேல விழுந்தாங்க, கிட்டத்தட்ட 40 பேர் செத்தாங்க. பெரும்பாலும் என்னை மாதிரி ஆளுங்க, நோயில செத்த பன்னியை அறுத்தவங்க, கையாண்டவங்க. வியட்நாம்ல பெரியவங்களுக்கு வர்ற பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பதினொரு குட்டியையும் குழி தோண்டிப் புதைச்சது நானும் என் வீட்டுக்காரியும், வெறுங்கையால.

தடுப்பூசி வந்தா மருந்து குறையும்ங்கறது என் ஆசைக் கணக்கு இல்ல. நார்வேயில சால்மன் மீன் வளக்குறவங்க 1987-ல வருஷத்துக்கு 50 டன் பக்கம் ஆன்டிபயாட்டிக் கொட்டினாங்க. மீனுக்கு நல்ல தடுப்பூசி வந்த பிறகு சில வருஷத்துல அது ஒரு டன்னுக்கும் கீழ போச்சு. மீன் வளர்ப்பு குறைஞ்சு போகல, பல மடங்கு பெருத்துச்சு. அங்க யாரும் மீன்காரனைக் கல்யாண வீட்டுல நிறுத்தி வகுப்பு எடுத்து மருந்தைக் குறைக்கல.

"தனியார் கம்பெனி செய்யட்டுமே"ன்னு சொல்லுவீங்க. கம்பெனிக்காரன் லாபம் பாப்பான், அதுல தப்பு இல்ல. கோழிக்கு எத்தனை ஊசி இருக்கு பாருங்க, நாமக்கல்ல கோடிக்கணக்குல கோழி நிக்குது, வாங்க ஆள் இருக்கு. பன்னிக்கு அப்படி ஒரு நாமக்கல் இல்ல. அதனால அரசு செஞ்சாத்தான் உண்டு. செய்யுறப்போ பாட்டில் அளவையும் யோசிக்கணும். 50 பன்னிக்கான பாட்டிலைத் திறந்து ஆறு பன்னிக்குப் போட்டுட்டு மிச்சத்தை என்ன செய்ய? திறந்தா அன்னைக்கே முடிக்கணும்பாங்க. பத்துக்கான சின்னப் பாட்டில் வந்தாத்தான் என் கொட்டில் வரைக்கும் ஊசி வரும். சினையா இருக்குற தாய்க்கு ஈனுறதுக்கு முன்னாடி போட்டா சீம்பால் வழியாவே குட்டிக்குப் போகும், தனித்தனியா இருபது குட்டியைப் பிடிச்சுக் குத்துற வேலையும் குறையும்.

அதனால கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருக்குறவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். உங்களுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதத் தெரியும், எம்.பி.யைப் பாக்கத் தெரியும், தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கத் தெரியும். மாவட்டத்துக்கு ஒரு லேப்லயாவது செத்த பன்னியை வாசல்ல திருப்பி அனுப்பாம வாங்கிப் பாக்கச் சொல்லுங்க. தமிழ்நாட்டுப் பன்னியில எந்தக் கிருமி, எந்த வகைன்னு கணக்கு எடுக்கச் சொல்லுங்க. எல்லா வகைக்கும் பொதுவா இருக்குற புரதத்தை வச்சு ஊசி செய்ய கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கும் இசத்நகருக்கும் பணம் ஒதுக்கி, வந்த ஊசியை ராணிப்பேட்டையில அடைச்சு, கோமாரி ஊசி மாதிரி மாட்டாஸ்பத்திரி வழியா இலவசமாக் கொடுக்கச் சொல்லுங்க.

எங்கிட்ட ரெண்டு தாய்ப்பன்னி இப்ப சினையா நிக்குது. ஐப்பசிக் கடைசியில ஈனும், பால் மறக்குறப்ப மழைக்காலம் இன்னும் முடிஞ்சிருக்காது. மருந்துக் கடையில போன வாரமே ரெண்டு பாட்டில் ஆன்டிபயாட்டிக்குக்குச் சொல்லி வச்சுட்டேன்.